தேக்காவைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில் ஆர்வமுள்ளவர்களை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் நடப்பது எங்கள் சிறு குழுவின் வழக்கம். பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளில் தொடங்கி கெர்பாவ் ரோடு, கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட் என்று இரண்டு மணி நேரம் ஆகும். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. நடந்துகொண்டே சொல்லும் பதிலில் பாதி வண்டிச் சத்தத்தில் போய்விடுகிறது. அதனால் எழுதிவைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, தேக்கா வேற, லிட்டில் இந்தியா வேறயா?

இடம் ஒன்றுதான். தேக்கா என்பது ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. தெக் கியா கா என்றால் சிறு மூங்கில்களின் அடிவாரம். ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்துப் பெயர் அது. மலாய்க்காரர்கள் இதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி என்றார்கள். கே.கே. மருத்துவமனையின் பெயரில் இருக்கும் இரண்டு எழுத்தும் இந்த எருமைப் பட்டிதான். நம் ஆட்கள் சீனர் வைத்த பெயரை எடுத்துத் தமிழ் நாக்குக்குப் பழக்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் வீட்டில் "தேக்காவுக்குப் போய்ட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறோம்.

லிட்டில் இந்தியா என்பது பின்னால் சுற்றுலாவோடு பரவிய பெயர். அதில் தவறில்லை, ரயில் நிலையத்துக்கும் அதுதான் பெயர். இந்தப் பக்கத்தில் நான் தேக்கா என்றே எழுதுகிறேன். அதிகாரபூர்வமான வட்டாரப் பெயராக வரும் இடத்தில் மட்டும் லிட்டில் இந்தியா.

பிரிட்டிஷ்காரன் இந்தியர்களுக்கு என்று ஒதுக்கிக் கொடுத்த இடம்தானே இது?

நிறையப் பேர் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள், ஆனால் அப்படி இல்லை. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் தென்னிந்தியர்களுக்கு என்று குறிக்கப்பட்ட சூலியா கம்போங் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருந்தது. இங்கே மக்களை இழுத்துவந்தது வேலை. சிராங்கூன் சாலையோரம் 1820களிலிருந்து செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அரசாங்கச் சூளைகள் 1860 வரை ஓடின. நகரத்தின் எத்தனையோ பழைய சுவர்களுக்கு இந்த மண்தான் செங்கல் கொடுத்தது.

அப்புறம் மாடு வந்தது. தாழ்வான ஈர நிலம், புல்லுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் கதை தெரிந்துவிடும். பஃபலோ ரோடு ஆங்கிலத்தில் எருமை, கெர்பாவ் ரோடு மலாயில் எருமை, லெம்பு ரோடு மலாயில் மாடு. பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு யூத மாட்டு வியாபாரியின் பெயர். குதிரைப் பந்தயத் திடல் 1842இல் வந்தது, அந்த நினைவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருக்கிறது. மாட்டுத் தொழிலோடு பால்காரர்கள், வண்டிக்காரர்கள், தீவனக் கடைகள் எல்லாம் சேர்ந்தன. 1915இல் ஹேஸ்டிங்ஸ் ரோட்டுக்கும் சுங்கை ரோட்டுக்கும் நடுவில் தேக்கா சந்தை எழுந்தது. 1930களில் மாட்டுத் தொழில் இங்கிருந்து போனாலும் சந்தை ஊரைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வியாபாரத்தால் உண்டான ஊர் இது. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தில் நிற்கின்றன.

இப்போ இருக்கிற தேக்கா சந்தைதான் அந்தப் பழைய சந்தையா?

இல்லை. பழைய சந்தை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் வியாபாரிகள் 1982இல் பஃபலோ ரோட்டில் கட்டிய இப்போதைய கட்டடத்துக்கு வந்தார்கள். அதற்குச் சீன உச்சரிப்பில் சூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். சனங்கள் விடாமல் தேக்கா என்றே சொல்லிவந்தார்கள். 2000இல் பெயர்ப்பலகையும் தேக்கா நிலையம் என்று மாறியது. சாமானியர்கள் சொல்லிச் சொல்லியே மீட்ட பெயர் இது, அதனால் எனக்கு இந்தப் பலகையின் மேல் தனிப் பிரியம்.

பழைய சந்தை இருந்த இடத்தில் 2003இல் ஒரு கடைத்தொகுதி வந்தது, பிறகு அதுவும் இடிபட்டு வேறொன்று வந்தது. நடையில் அந்த முனையில் நிறுத்தி, "இங்கேதான் சந்தை இருந்தது" என்று சொல்லும்போது காட்டுவதற்கு ஒரு தூண்கூட இல்லை. 1989இல் பாதுகாப்பு அறிவிப்பு வருமுன் போனவை அப்படிப் போய்விட்டன.

1989லயே அரசாங்கம் பாதுகாத்துடுச்சே. இனி உங்களுக்கு என்ன வேலை?

அதிகம் வரும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. 1989 ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ முதலிய வட்டாரங்களைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் அதைக் கவனித்துக்கொள்கிறது. இன்று தீவு முழுவதும் 7,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் இந்தப் பாதுகாப்பில் இருக்கின்றன. அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால் நான் சனிக்கிழமைகளில் அழைத்துப்போக ஒரு தெருவும் இருந்திருக்காது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டம் காப்பது கட்டடத்தை. கூரை, சுவர், சன்னல், படிக்கட்டு, முகப்பு எல்லாம் பத்திரமாக இருக்கும். உள்ளே மசாலா அரைத்துக்கொண்டிருந்த மில் மூடி, அதே சன்னலுக்குப் பின்னால் விடுதி வந்தால், சட்டத்தின் கண்ணில் எதுவும் குறையவில்லை. மூக்குக்குத்தான் தெரியும். சின்ன வயதில் கஃப் ரோட்டில் நுழையும்போதே மல்லியும் மிளகாயும் அரைபடும் நெடி வந்து தும்மல் பிடுங்கும். அம்மா வறுத்த மல்லியைத் துணிப்பையில் கட்டிக் கொடுப்பார். அரைத்து வாங்கிவரும்போது பை சூடாக இருக்கும், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காருவேன். எங்கள் வேலை அந்தச் சூட்டைப் பற்றியது. கடை, தொழில், கூடும் மனிதர்கள், பெயர்கள், பேச்சு ஆகியவற்றைப் பதிவு செய்கிறோம். எது போகப்போகிறது என்று முன்கூட்டியே கவனித்துச் சொல்கிறோம். திட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது கருத்து எழுதி அனுப்புகிறோம்.

தேசியச் சின்னம் என்பதும் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு. தேசிய நினைவுச்சின்னம் என்பது மிக உயர்ந்த பாதுகாப்பு, தனிச் சட்டத்தின் கீழ் வருவது. தேசிய மரபுடைமைக் கழகத்தின் பொறுப்பு. 1973இல் முதன்முதலாக எட்டு இடங்களை அறிவித்தபோதே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் அதில் இருந்தது. தேக்கா பக்கத்தில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் 1978இலும், டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் 1979இலும் தேசியச் சின்னங்களாயின. பெருமாள் கோயிலின் ராஜகோபுரத்துக்குக் கொடை கொடுத்தவர் பி. கோவிந்தசாமிப் பிள்ளை. அவரே சிராங்கூன் சாலையில் கடை வைத்து வளர்ந்தவர்தான். இந்த ஊரில் கோயிலையும் கடையையும் பிரித்துப் பேச முடியாது.

வரிசை வரிசையாக இருக்கும் கடைவீடுகள் மேலே சொன்ன 1989 ஏற்பாட்டில் வருபவை.

எங்க கடைவீட்டுல ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்கணுமா?

ஒரு கடைக்காரரின் மகன் கோபமாகவே கேட்டார். ஆணிக்கு வேண்டாம் தம்பி. கட்டடத்தின் அமைப்பைத் தொடும் வேலை என்றால் தொடங்குமுன் ஆணையத்திடம் போக வேண்டும். லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் விதி கடுமையானது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இடித்துவிட்டு உயர்த்திக் கட்டுவது இங்கே நடக்காது. களிமண் ஓட்டுக் கூரை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர், மரச் சட்டங்கள், மரப்படி, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்கட்டு எல்லாம் கணக்கில் வரும். எவ்வளவு முடியுமோ அவ்வளவை அப்படியே வைத்திரு, மற்றதைப் பழைய முறைப்படி சீராக்கு, பழுதைப் பக்குவமாகப் பார் என்பதுதான் அவர்கள் வழிகாட்டுதலின் சாரம்.

விதியை விட்டுவிட்டு, வீட்டுக்காக ஒன்று சொல்கிறேன். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். மழை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், மூச்சு விடுவது மாதிரி. அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளே அடைபடும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அப்படி அடித்த ஒரு வருஷத்துக்குள் இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்துவிட்டது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. விரலால் அழுத்தினால் உள்ளே பொடிந்த சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது. சுரண்டி எடுத்து, காயவிட்டு, சுண்ணாம்பு அடிப்படையிலான பூச்சை அடித்த பிறகுதான் சுவர் தேறியது. இரட்டைச் செலவு. பழைய முறை தெரிந்த கொத்தனாரை முதலிலேயே கேட்டால் இந்தச் செலவு மிச்சம்.

சுவரில் ஓவியம் வரையலாமா? பெயர்ப்பலகை?

இரண்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. பலகை முகப்பின் வேலைப்பாட்டை மறைக்கக் கூடாது. சுவரோவியத்துக்கு முன்னனுமதி வேண்டும். கேட்டால் கிடைக்கிறது, தேக்காவில் நீங்கள் பார்க்கும் பெரிய ஓவியங்கள் அனுமதியோடு வந்தவை. பலகையைப் பற்றி எங்கள் வேண்டுகோள் ஒன்றே: தமிழும் இருக்கட்டும், எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் யாராவது பார்க்க வேண்டும் என்றால் எங்களிடம் கொடுங்கள், காசில்லாமல் பார்த்துத் தருகிறோம்.

அஞ்சடியில் சாமான் வைத்தால் அபராதம் போடுகிறார்கள். அதுவும் மரபுதானே?

அஞ்சடி என்று நாம் சொல்லும் மூடிய நடைபாதை ராஃபிள்ஸ் காலத்து ஏற்பாடு. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் முன்னால் கூரையோடு இடம் விட வேண்டும், அது தொடர்ந்து போய்ப் பொதுவழியாக வேண்டும் என்று 1822இலேயே சொல்லிவிட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே அங்கே இரண்டு உரிமைகள் மோதிக்கொண்டிருக்கின்றன: நடப்பவருடையது, விற்பவருடையது. முடிதிருத்துபவரும் கிளி ஜோசியரும் பூக்காரரும் அஞ்சடியில் பிழைத்தவர்கள்தான்.

இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் கருத்தைச் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பாட்டி நிற்காமல் போக வழி இருக்க வேண்டும், அதற்குக் குறைந்து எதையும் மரபு என்று சொல்லி நியாயப்படுத்தக் கூடாது. அந்த வழி போக மிச்சம் இருக்கும் இடத்தில் நாலு வாழைத்தாரும் ஒரு பூத்தட்டும் இருந்தால் தெருவுக்கு உயிர். அபராதச் சீட்டோடு வருபவரிடம் கடைக்காரர் தனியாக நின்று வாதாடுவதைவிட, வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கோட்டை ஒப்புக்கொண்டு பேசப்போனால் பலன் அதிகம்.

பழைய கடைகள் மூடுவது வாடகையால்தானே? வாடகைக்கு ஒரு வரம்பு வைத்தால் என்ன?

வரம்பு வைத்துப் பார்த்திருக்கிறோம். போருக்குப் பிறகு 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியிருந்தவர்களைக் காத்தது, அது பெரிய உதவி. ஆனால் வருகிற வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாமல் உரிமையாளர்கள் கையை விரித்தார்கள். ஒழுகி, கறையான் பிடித்து, கடைவீடுகள் அப்படியே உளுத்துப்போனதற்கு அது ஒரு பெரிய காரணம். பாதுகாப்புத் திட்டத்தோடு அந்தக் கட்டுப்பாடும் படிப்படியாகத் தளர்ந்து, 2001இல் சட்டமே நீங்கியது. கட்டடத்துக்குப் பணம் வந்தது. கட்டடம் அழகானது. அழகான கட்டடத்தின் வாடகையை மாலை கட்டுபவரால் கொடுக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது சில வழிகள் இருக்கின்றன. வட்டாரத்தின் மையப் பகுதியில் தரைத்தளத்தில் எந்தத் தொழில் வரலாம், எது வரக் கூடாது என்று ஆணையம் கட்டுப்படுத்துகிறது. குறைந்தது 30 ஆண்டுகள் நடக்கும் தொழில்களை அடையாளம் கண்டு ஆதரவு தர மரபுடைமைக் கழகம் 2025இல் ஒரு திட்டம் தொடங்கியது. லிட்டில் இந்தியா ஆர்கேட் தனியார் கையில் இல்லை, இந்து அறக்கட்டளை வாரியத்துக்குச் சொந்தம். பொது நோக்கமுள்ள உரிமையாளர்கள் இன்னும் சில வரிசைகளை வைத்திருந்தால், எந்தக் கடைக்கு எந்த வாடகை என்று மனசாட்சியோடு பேசலாம். நாங்கள் கருத்து எழுதும்போதெல்லாம் இதைத்தான் முதலில் எழுதுகிறோம்.

பிள்ளைகள் எடுத்து நடத்தவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்?

முழுக்க உண்மை, அதில் பிள்ளைகள் மேல் குற்றமும் இல்லை. மாலை கட்டும் ஒருவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரச் சாக்கில் மல்லிகை. இடது கையில் இரண்டு பூ காம்போடு காம்பு சேர்த்துப் பிடிக்கிறார், எதிர்ப்பக்கமாக இன்னும் இரண்டு. வலது கை நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு இழுக்கிறது. முடிச்சு இறுகும்போது காம்பு நசுங்கக் கூடாது, தளர்ந்தால் பூ உதிரும். பார்த்து முடிப்பதற்குள் அரை முழம் ஓடிவிடும். பேசிக்கொண்டே கட்டுகிறார், கையைப் பார்ப்பதில்லை. விடியுமுன் தொடங்கி இரவு வரை இப்படி. இந்த வேலையைத் தன் மகள் செய்ய வேண்டாம் என்று அவர் நினைத்தால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

ஆனால் தொழில் ரத்தவழியில்தான் போக வேண்டும் என்று எழுதப்படவில்லை. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இன்று பல கடைகளில் மாலை கட்டுகிறார்கள். அவர்களும் தேக்காவைக் காப்பவர்களே. மாலை கட்டும் கலை மரபுடைமைக் கழகத்தின் கலாசாரப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. பட்டியல் சோறு போடாது. நாங்கள் செய்யக்கூடியது பதிவு: கையை அருகில் வைத்துப் படம் பிடிக்கிறோம், பூவின் பெயரையும் கட்டின் பெயரையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறோம்.

நீங்களும் லிஷாவும் ஒன்றா? மரபுடைமைச் சங்கம் என்று வேறொன்றும் இருக்கிறதே?

லிஷா என்பது லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கம். வட்டாரத்து வணிகர்களின் அமைப்பு. தீபாவளி ஒளியூட்டிலும் கேம்பல் லேன் பொங்கல் கொண்டாட்டத்திலும் அவர்கள் உழைப்பைப் பார்க்கலாம். சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் 1980களில் தோன்றிய, அரசு சாராத தேசிய அளவிலான அமைப்பு. புக்கிட் பிரவுன் இடுகாட்டுக்கு நடுவே சாலை போட முடிவானபோது ஆய்வும் பரிந்துரையும் எழுதி வாதாடியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் அரசாங்க அரும்பொருளகம்.

நாங்கள் இவர்களில் யாரும் இல்லை, பதிவு பெற்ற சங்கமும் இல்லை. சங்கமாகப் பதிய குறைந்தது பத்துப் பேர் வேண்டும். ஆள் சேர்ந்தால் பதிந்துவிடுவோம்.

எதிர்த்து எழுதினால் வம்பு வராதா? எழுதி எது நின்றிருக்கிறது?

திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது எதிர்ப்பு ஆகாது, அதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள். நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறார்கள். வரைவைக் காட்சிக்கு வைத்து எழுத்துமூலம் கருத்துக் கேட்கிறார்கள். 2025 ஜூனில் அப்படி ஒரு வரைவு வந்தது. எத்தனை தமிழர்கள் போய்ப் பார்த்தார்கள் என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தோற்றவற்றை மறைக்கமாட்டேன். ஸ்டாம்ஃபர்ட் ரோடு தேசிய நூலகத்துக்காக எவ்வளவோ பேர் எழுதினார்கள், 2004இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10 அன்று கடைசியாகக் கூடியது. வியாபாரிகள் மாற்றிடம் கேட்டுப் பார்த்தார்கள், கூட்டமாக ஓரிடம் கிடைக்கவில்லை. அங்கே காப்பதற்குக் கட்டடமே இல்லை. தரையில் விரித்த கித்தான்தான் கடை. நாலாவது கேள்விக்குச் சொன்ன பதிலின் மிகக் கசப்பான உதாரணம் அது. ஆனாலும் நூலகம் போன பிறகு, இடிக்குமுன் மக்களிடம் கேட்கும் வழக்கம் மெல்ல வளர்ந்தது. கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் போன்ற பெரிய நவீனக் கட்டடத்தையே 2021இல் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தார்கள். எழுதியவர்களின் பங்கு அதில் இருக்கிறது.

தமிழர் இடம் என்கிறீர்கள். சீனர் வீட்டையும் வங்காளிக் கடையையும் ஏன் காட்டுகிறீர்கள்?

தமிழர் இடம் என்று மட்டும் நான் சொன்னதில்லை. முதல் பதிலைப் பாருங்கள், பெயரே ஹொக்கியன். கெர்பாவ் ரோட்டில் எல்லோரும் படம் எடுக்கும் வண்ண வீடு 1900இல் டான் டெங் நியா என்ற சீன வணிகருடையது. மிட்டாய்த் தொழில் செய்தவர். சந்தையில் கறிவேப்பிலையைச் சும்மா போட்டுக்கொடுத்துத் தமிழில் விலை சொல்லும் சீன மூதாட்டியை நான் சிறுமியாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். இந்த வட்டாரத்தின் தன்மை என்று காக்கப் புறப்பட்டால் அவரை விட்டுவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இல்லாவிட்டால் தேக்கா இன்னும் நன்றாக இருக்குமே?

இந்தக் கேள்வியை நம்மவர்களே குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அதனால் குரலைத் தாழ்த்தாமல் பதில் சொல்கிறேன். செங்கல் சூளைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் வந்தவர்கள் யார்? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலைக்கு வந்த ஆண்கள். ஓய்வு நாளில் தங்கள் மொழி கேட்கும் இடத்தில் கூடியவர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அப்படிப்பட்டவர்களே. ஊருக்குப் பணம் அனுப்பி, ஒரு வாரத்துக்கான காய்கறி வாங்கி, திடலில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசுகிறார்கள். இருநூறு ஆண்டுகளாக மாறாமல் தொடர்வது இங்கே ஏதாவது உண்டென்றால் இதுதான்.

2013 டிசம்பர் 8 அன்று இங்கே நடந்த கலவரம் எல்லோருக்கும் வலி. அதன் பிறகு மது விற்பதற்கும் பொது இடத்தில் குடிப்பதற்கும் இங்கே கூடுதல் கட்டுப்பாடு வந்தது. மேல்மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பவர்களின் தூக்கமும் முக்கியம்தான். கழிப்பறை, உட்காரும் இடம், குப்பைத்தொட்டி, பேருந்து நிறுத்தம் ஆகியவை கூட்டத்துக்குத் தக்க அளவில் இருந்தால் பாதிச் சண்டை குறையும். நாங்கள் அதைக் கேட்கிறோம்.

எல்லாம் சுற்றுலாப் பயணிக்காகப் பூசிய வண்ணம். நான் வாங்க வேண்டியது எதுவும் அங்கே இல்லை.

இது கேள்வி மாதிரி இல்லை, ஆனாலும் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். சில தெருக்களில் அது உண்மை. பயணி வாங்குவது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம், நாம் வாங்குவது வெற்றிலை. எது அதிகம் விற்கிறதோ அது கடையில் இருக்கும். 1947இலிருந்து சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் நிற்கிறதென்றால் உள்ளூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சாப்பிட்டதால்தான். பயணி வந்து இன்னும் கொஞ்சம் நிரப்பினார்.

நான் ஜூரோங்கில் இருக்கிறேன். தீபாவளிக்கு மட்டும் வருகிறேன். என்னால் என்ன ஆகும்?

தீபாவளிக்கு வாங்குவதை வேறு மாதத்திலும் ஒருமுறை வந்து வாங்குங்கள். வெள்ளிக்கிழமைப் பூ, அரிசி மாவு, பித்தளை விளக்குக்குத் திரி, எதுவானாலும் சரி. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை மதியம் வரும் வாடிக்கையாளர்தான் ஒரு கடைக்கு வாடகை கட்டுகிறார்.

அப்புறம் வீட்டில் இருக்கும் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். தாத்தா சிராங்கூன் சாலையில் நின்று எடுத்த படம் ஒன்று நிச்சயம் இருக்கும். அவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் இருக்கும் பெயர்ப்பலகையையும் அஞ்சடியையும் பாருங்கள். பாட்டி இருந்தால் எந்தக் கடை, எந்த வருஷம், கூட நிற்பவர் யார் என்று கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தின் முகத்துக்கு வந்துவிடும். பிறகு கைத்தொலைபேசியில் இரண்டு பக்கத்தையும் எடுத்து எங்களுக்கு அனுப்பினால் போதும், அசல் படம் உங்களிடமே இருக்கட்டும்.